வன்னியபெருமாள் அத்தானின் சந்தேகம்

என் அக்கா உமாராணியைப் பெண் பார்க்க வந்த அன்று, வன்னியபெருமாள் அத்தான் எங்கள் வீட்டு மின்சார மீட்டரையும் பார்த்துவிட்டுத்தான் போனார். பஜ்ஜியைக் கடித்தபடியே, "இது ஏன் மாமா இம்புட்டு வேகமாச் சுத்துது?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மட்டும் உள்ளே சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது வீட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு விடாமல், எந்தக் கரை, எந்தப் போட்டு என்று மீன்காரம்மாவைக் குறுக்கு விசாரணை செய்கிற மனிதரோடு யார் சிரித்துக்கொண்டே குடும்பம் நடத்துவது?

உடன்குடியில் அவர்களுக்குப் பலசரக்குக் கடை. அண்ணன்மார் கல்லாவில் உட்கார, இவர் டிப்ளமோ முடித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, லோடர், கிரேன் போன்ற பெரிய மெஷின்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்க ஆரம்பித்தார். துறைமுகச் சாலையில் எங்கள் பட்டறை. நான் கூட்டாளி. வண்டி ஓட்டுவதும் வாயாடுவதும் என் பங்கு.

இந்தக் காலத்து லோடரில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியருக்கு ஒன்று, டிஸ்பிளேக்கு ஒன்று. எல்லாம் மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய இரண்டே ஒயரில் பேசிக்கொள்கின்றன. பேச்சு அறுந்தால் மெஷின் நின்றுவிடும். தொடர்பு இல்லை என்று டிஸ்பிளே சொல்லும், ஏன் என்று சொல்லாது. அவசரக்காரன் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்வான். அத்தான் டிஸ்பிளேயையும் நம்ப மாட்டார், அவசரக்காரனையும் நம்ப மாட்டார். ஒயர் விஷயத்தில் அவருடைய சந்தேகம் தப்பி நான் பார்த்ததில்லை. மனுஷ விஷயத்தில்தான் வம்பு.

போன பங்குனியில் பொன்னுதுரை அண்ணாச்சி கூப்பிட்டார். உப்பைக் குவித்து லாரியில் ஏற்றுகிற யார்டு அவருடையது. அங்கே ஓடுகிற லோடர் வேலைக்கு நடுவில் அடிக்கடி செத்துப்போகிறதாம்.

"மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல, ஆளுக்குத்தான் கேடு," என்றார் கேட்டிலேயே. "அந்த நல்லக்கண்ணுதான் எதையோ புடுங்கி விடுதான். மெஷின் நின்னா அவனுக்கு ரெஸ்ட்டு. டீசல் வேற குறையுத மாதிரி இருக்கு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே அனுப்பிருதேன். பெறவு ஒரு யார்டுலயும் அவன் சாவியத் தொட முடியாது."

நல்லக்கண்ணு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏரல் பக்கம் வயல்காட்டிலிருந்து வந்து ஆபரேட்டர் ஆனவர். இந்த வட்டாரத்தில் பெயர் கெட்டால் அவர் வேறு ஊர்தான் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனமே எங்களுக்கு உறுத்தியது.

அத்தான் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கேபினில் தொங்கிய நல்லக்கண்ணுவின் பையைத் தொட்டார். நானும் சேர்ந்து துழாவினேன். சாப்பாட்டுத் தூக்கு, துண்டு, அடியில் ஒரு கட்டிங் பிளேயர், கறுப்பு டேப். அத்தான் என்னைப் பார்த்தார், நான் அத்தானைப் பார்த்தேன்.

"சீட்டு கிழிஞ்சிருக்கு, அதுக்கு ஒட்டுத டேப்பு," என்றார் நல்லக்கண்ணு. சீட்டிலும் டேப் ஒட்டித்தான் இருந்தது. ஆனாலும் நாங்கள் நம்பவில்லை.

சாவியை அணைத்துவிட்டு அத்தான் அந்த இரண்டு ஒயரிலும் மீட்டரை வைத்தார். ஒயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்கும். சேர்த்து அளந்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும்; குறுக்கே இன்னொன்று கூடினால் அளவு குறையும். நாற்பது காட்டியது.

"உப்புக்காத்து அரிச்சா இப்படி அச்சடிச்ச மாதிரி நாப்பது காட்டாது," என்றார் அத்தான். "மூணாவதா ஒரு ரெசிஸ்டரைச் சேத்திருக்காங்க. எவனோ எதையோ மாட்டியிருக்கான்."

"நான் சொல்லல?" என்று பொன்னுதுரை அண்ணாச்சி நல்லக்கண்ணுவை முறைத்தார். ஆனால் அத்தான் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் அவர் குரல் மாறியது. "அங்கன ஒண்ணும் இருக்காது, எஞ்சின் பக்கம் பாருங்க."

அத்தானிடம் போய் அப்படிச் சொல்லலாமா? போல்ட் இன்னும் வேகமாகக் கழன்றது. உள்ளே, மஞ்சள் ஒயரையும் பச்சை ஒயரையும் கொத்தி மாட்டிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அத்தான் அதன் இணைப்பைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்து அவசரமாக உள்ளே போட்டார். அத்தான் மறுபடி மாட்டிப் பிடுங்கினார். மறுபடியும் போன்.

பொன்னுதுரை அண்ணாச்சி, பெட்டியும் கையுமாக இறங்கிய அத்தானையும் என்னையும் உப்புக் குவியல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "டீசல் திருடுதானான்னு பாக்கத்தான் மாட்டினேன். டீசல் கணக்கை என் போனுக்கு அனுப்பும், கழத்துனாலும் சொல்லிரும். ஒருத்தன் வந்து ஒளிச்சு மாட்டிட்டுப் போனான். மெஷின் நின்னு நின்னு போறதால கணக்கும் ஒழுங்கா வரல."

"அந்தப் பெட்டிக்குள்ளதான் மூணாவது ரெசிஸ்டர். அதான் ஒயர்ல பேச்சு அறுந்துபோகுது. உங்க சந்தேகந்தான் மெஷினை நிறுத்துது அண்ணாச்சி," என்றார் அத்தான். இதைச் சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, உப்பு ஏறிட்டுன்னு சொல்லிருங்க. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்குத் தெரியும் மொதலாளி." நல்லக்கண்ணு எங்கள் பின்னால் நின்றிருந்தார். "சீட்டைத் தைக்கலாம்னு பலகையக் கழத்துனப்பவே பாத்துட்டேன்."

அத்தானுக்குக் குரல் உயர்ந்தது. "பெறவு ஏன்யா வாயத் தொறக்கல? வேலை போகப் போகுதுன்னு தெரியுதுல்லா?"

"கழத்துனா திருடன்பிய. கழத்தாம விட்டா மெஷின் நிக்கி, அதுக்கும் திருடன்பிய. வந்து சொன்னா, அங்கன எதுக்குலே கை வச்சேன்னு கேப்பிய. நான் எதைச் சொல்ல?"

பொன்னுதுரை அண்ணாச்சி லோடரைக் கைகாட்டினார். "சரி, விடு. போயி ஏறு," என்றார். அத்தான் பெட்டியை அவர் கையில் கொடுக்கப் போனார்.

"அதை அவுககிட்ட குடுக்காதிய அண்ணாச்சி," என்றார் நல்லக்கண்ணு அத்தானிடம். "அந்த ரெசிஸ்டரை மட்டும் எடுத்துட்டு இருந்த இடத்துலயே மாட்டிருங்க. நான் திருடலன்னு நான் சொன்னா இங்கன யாரு நம்புதா? அது சொல்லட்டும்."

அவருடைய பையைத் துழாவியவர்களில் நானும் ஒருவன். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் கேபினில் ஏறி, ரெசிஸ்டரை வெட்டி எடுத்து, பெட்டியை மாட்டி, மீட்டரை வைத்தார். அறுபது காட்டியது. நல்லக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு கீழேயே நின்றார். அவர் கேட்காமலே அத்தான் மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.