கழுவிய கேரட்

“...மண்ணோட இருந்தா ரெண்டு நாள் தாங்குமுங்க சிஸ்டர். இது மிஷின்ல போட்டுக் கழுவுன கேரட்டு. இன்னைக்கே மேட்டுப்பாளையம் போய்ச் சேரோணும். நாளைக்குப் போனா மாடுகூட மோந்து பாக்காது,” என்றார் பாய்.

ஊட்டிப் பக்கம் கேத்தியில், எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தோம். கொரோனா இரண்டாம் அலை. பாய் ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரி. பள்ளத்தாக்கில் கேரட் வாங்கி, கழுவி, தன் பிக்கப்பில் கீழே மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறவர். மண்டி பூட்டிக் கிடந்த வாரங்களில் தோட்டம் தோட்டமாகக் கேரட்டை உழுது மூடியிருந்தார்கள். “கேரட்டுக்குக் காது இருக்குதுங்களா? லாக்டவுன்னு சொன்னா வளராம நிக்குமா?” என்று அப்போது சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர். மண்டி திறந்தபின் அவர் ஏற்றிய முதல் லோடு இது.

நர்ஸுக்கு வேண்டியிருந்தது அந்த வண்டி. ஆக்சிஜன் கொண்டுவரும் கம்பெனி, காலி சிலிண்டரை நீங்களே கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டது. மேட்டுப்பாளையம் போகிற வழிதான்; ஆனால் வண்டி நிறைய கேரட் மூட்டை, அதை இறக்காமல் சிலிண்டர் ஏற்ற இடமில்லை. ஆஸ்பத்திரியின் ஒரே ஆம்புலன்ஸ் நோயாளியோடு போய், இடம் கிடைக்காமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ராத்திரி வரை வந்தால் பெரிது. அதை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

“உங்களை மட்டும் கேக்கலீங்க பாய். பால் வண்டியக் கேட்டேன், முட்டைக்கோஸ் வண்டியக் கேட்டேன். இந்த ரோட்டுல சக்கரம் வெச்சு எது வந்தாலும் கை காட்டறேன்,” என்றார் நர்ஸ். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் அங்கி. “இந்தக் குளிர்ல வேர்த்து ஊத்தற ஒரே ஆளு நான்தான். அதையும் பாத்துக்கோங்க.”

அப்படி ஒரு நாளிலும் அவருக்குக் கேலி பேச வந்தது. அக்காவுக்காகக் கேட்க வேண்டியவன் நான். ஆனால் அந்த மூட்டைகளை நம்பி எத்தனை வீட்டில் உலை வைக்கக் காத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பாய் என்னைப் பார்த்தார். “உள்ள யாரு தம்பி?”

“அக்காங்க.”

“டீ எஸ்டேட்டுல கொழுந்து எடுக்குமே, அந்தப் பிள்ளையா?”

தலையாட்டினேன். அவர் போனை எடுத்து மண்டிக்காரரைக் கூப்பிட்டார். “இன்னைக்கு என் லோடு வராதுங்க... ஆமாங்க, கழுவுனதுதான்... தெரியுமுங்க.” எதிர்முனையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வைத்துவிட்டார்.

“சிஸ்டர், அடியில ஒரு வரிசை மூட்டை அப்படியே கெடக்கட்டும். அதுமேல படுக்க வெச்சுக் கட்டுனா, கொண்டை ஊசி வளைவுல சிலிண்டரு உருளாது.”

சொல்லிவிட்டு வண்டியின் பின்கதவுக் கொக்கியைத் தட்டி விட்டார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த முதல் மூட்டையைத் தோளுக்கு இழுத்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் கொண்டுபோய் இறக்கினார்.