குக்கருக்கு இரண்டு வருஷம்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே இருபத்தெட்டு வருஷம் கழித்தவர் நாகலெட்சுமி. மலையில் மேல் கான் எனும் வடிகால் ஓரத்துச் செடி நிரை அவருடையது. கங்காணி பேர் சொல்லி நிரை பிரிக்காமலே அவராகப் போய் அங்கே நிற்பார். போன வருஷம் மழையில் அந்தக் கானிலேயே வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். பிளேட்டை வெளியே ஒரு கம்பனியில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிளேட் வைத்த பதினோராம் மாதம், பீலியில் தண்ணீர் பிடித்து வாளியைத் தூக்கும்போது தொடைக்குள் 'டக்' என்றது. எக்ஸ்ரேயில் பிளேட் நடுவில் இரண்டாகத் தெரிந்தது.

அதே வாரம் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மாவின் ரைஸ் குக்கரும் பழுதானது. வாங்கி எட்டே மாதம். கொட்டகலைக் கடைக்குக் கொண்டுபோனவள் புதுசோடு திரும்பி வந்தாள்.

"ஒரு வார்த்த கேக்கலக்கா! கார்டப் பாத்தான், சீலப் பாத்தான், பெட்டியப் பாத்தான், இந்தாங்கன்னு எடுத்துக் குடுத்துட்டான். ரெண்டு வருஷத்துக்கு என்ன ஆனாலும் அவன் பொறுப்பு!" என்று லயமே கேட்கச் சொன்னாள்.

மேல் கான் நிரையில் இப்போது நிற்பவளும் மீனம்மாதான். அதைக்கூட நாகலெட்சுமி பொறுத்துக்கொண்டார். குக்கரைப் பொறுக்க முடியவில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. சோறு வெந்ததும் அந்தப் பக்கம் குக்கர் சுவிட்ச் 'டக்' என்று விழும். இந்தப் பக்கம் படுத்திருப்பவரின் கை தொடைக்குப் போகும்.

பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிற பொலித்தீன் பையில், பிளேட்டோடு வந்த ஸ்டிக்கர் தாளும் பத்திரமாக இருந்தது. நம்பரெல்லாம் இருந்தது, சீல் மட்டும் இல்லை. சீல் இல்லாத கார்டு எந்தக் கடையில் செல்லும்? தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் நொண்டிக்கொண்டு போய் அவருடைய சீலையே குத்தி வாங்கிக்கொண்டார். கம்பனி ஆபீசுக்குத் துணை வரும்படி மீனம்மாவையே கேட்க வேண்டியிருந்தது. மாற்றி வாங்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

ஆபீசிலிருந்த பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வொரண்டி கார்டு இல்லம்மா. உடம்புக்குள்ள வைக்கிற சாமானுக்கு வொரண்டி கிடையாது."

"ஒடஞ்சு போச்சே தம்பி."

"மேடு பள்ளத்துல நடந்திருப்பீங்க."

மீனம்மா விடவில்லை. "தோட்டத்துல வேற எங்க நடக்கிறதாம்? சோத்துச் சட்டிக்கு ரெண்டு வருஷம், காலுக்கு ஒரு நாளும் இல்லையா?"

"சரி, ஒடஞ்சத கொண்டு வாங்க. பெரியவங்ககிட்ட காட்டுறேன்."

"எப்படி, தொடையோட கழட்டியா?" என்றாள் மீனம்மா.

நாகலெட்சுமி பையன் சொன்ன 'கொண்டு வாங்க'வைப் பிடித்துக்கொண்டார். கொண்டு வந்தால் பார்ப்பார்கள். ஆனால் புதுசு வந்து சேராமல் பழசைக் கழற்ற மாட்டேன் என்றார் டொக்டர். பழசைப் பார்க்காமல் புதுசைப் பற்றிப் பேச மாட்டார்கள் கம்பனிக்காரர்கள். கடைசியில், இரண்டு மாதம் கழித்து, காதுத் தோட்டை விற்று இன்னொரு பிளேட் வாங்கினார். அதற்கும் அதே மாதிரி ஒரு ஸ்டிக்கர் தாள்தான் வந்தது.

"இதுக்கு எத்தன வருஷங்க டொக்டர்?"

"கவனமா நடங்கம்மா."

கழற்றிய இரண்டு துண்டையும் கேட்டு வாங்கினார். நர்ஸ் ஒரு ரப்பர் கையுறைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கம்பை ஊன்றிக்கொண்டு மீனம்மாவின் வாசலில் நின்றார்.

"ஒன் குக்கர் பெட்டிய ஒரு நாளைக்குக் குடு மீனம்மா. கையொறையில கொண்டுபோனா கம்பனிக்காரன் மதிப்பானா? நீ பெட்டியோட போனதாலதான மாத்தித் தந்தான்."

மீனம்மா அலுமாரி மேலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். நாகலெட்சுமி கால் தேறி வந்தால் மேல் கான் நிரை யாருக்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கேக்கா. பெட்டி நசுங்கிட்டா?"

பெட்டி தன்னுடையதாக இருந்திருந்தால் நாகலெட்சுமியும் கொடுத்திருக்க மாட்டார். காம்பராவுக்குத் திரும்பி, கையுறையை முடிச்சுப் போட்டு, அந்தப் பொலித்தீன் பைக்குள்ளேயே வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்றது. இந்த முறையும் கை தொடைக்குப் போய்த்தான் நின்றது.