ஆற்றில் நிற்கக் கூடாது

பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்தால் முதலில் கேட்பது சிரிப்புச் சத்தம்தான். பல இடங்களில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. விழுந்தவர் சேற்றில் காலை ஊன்றி எழுந்து நிற்பார், வலை எங்கே என்று பார்ப்பார், பிறகு படகைச் சாய்த்தவரைத் திட்டத் தொடங்குவார்.

அந்த ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பொன்னேரியில். மகள் சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பியின் படகில் அவளைக் கூட்டிப்போவேன். முதல் தடவை அவள் தண்ணீரில் விழுந்து கையை உதறியபோது படகில் இருந்தபடியே கத்தினேன்: "பயப்படாத, காலை ஊணு! நில்லு!" நின்றாள். தண்ணீர் அவள் மார்பளவுதான் இருந்தது. அதன்பின் எத்தனை முறை விழுந்தாலும் நான் கத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அங்கே உள்ள இளைஞர் குழுவோடு நேபாளம் போனாள். மலையேற்றம், கயிற்றைப் பிடித்துப் பாறையிலிருந்து இறங்குவது, கடைசியாக ரப்பர் படகில் ஆற்றுப் பயணம். நான் மலைக்குப் பயந்தேன். கயிறு எவ்வளவு தடிமன் என்று கேட்டு அவளைப் படுத்தினேன். ஆற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஏரிக்காரி பொண்ணுக்கு எவனோ தண்ணியில சொல்லித் தரப்போறானா? அவதான் அவங்களுக்குச் சொல்லித் தருவா. நீ சும்மா பேஜாரு பண்ணாதக்கா" என்றான் தம்பி. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது குழுவோடு போயிருந்த ஆசிரியை கூப்பிட்டார். "பொண்ணு நல்லா இருக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன்" என்றுதான் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்திலேயே தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அன்று காலை படகு ஒரு பாறையில் மோதி அவள் ஆற்றில் விழுந்திருக்கிறாள். இப்போது பக்கத்திலேயே இருக்கிறாள் என்று போனை அவளிடம் கொடுத்தார்.

"விழுந்தா மல்லாந்து படுத்துக்கினு, காலை முன்னாடி தூக்கி வச்சிக்கணும்னு கரையிலயே சொல்லித் தந்தாங்கமா. நானும் நல்லாத் தலையாட்டினேன். ஆனா விழுந்த உடனே..."

"நின்னுட்ட."

"நின்னுட்டேன்."

ஊன்றிய கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வந்த வெள்ளம் அவளைக் குப்புறத் தள்ளி அமுக்கியது. படகோட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தின் மேல்பக்கமிருந்து வந்து அவளைப் பின்னோக்கி இழுத்திருக்கிறார். கால் வந்துவிட்டது. ஷூ வரவில்லை.

"ஷூ போச்சா?" என்று கேட்டேன்.

"ஷூவாமா இப்போ முக்கியம்?"

இல்லைதான்.

கணுக்காலில் சிராய்ப்பு மட்டும்தான் என்று ஆசிரியை சொன்னார். மறுநாள் ஆற்றில் கடைசிப் பயணம். விழுந்தவர்கள் வர வேண்டியதில்லை, ஆனால் இவள் வருவேன் என்கிறாள். வீட்டில் சரியென்று சொன்னால் மட்டுமே படகில் ஏற்றுவேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

கணவருக்கு ஷிப்ட். அவர் வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேலியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"ஊட்டுக்கு வரச் சொல்லுக்கா" என்றான்.

அதைச் சொல்லத்தான் மகளைக் கூப்பிட்டேன். அவள் முந்திக்கொண்டாள். "இப்படியே வந்துட்டேன்னு வையி, இனிமே மாமா படகுலகூட ஏற மாட்டேன்மா. எனக்குத் தெரியுது."

கேன்டீன் காலியாகிவிட்டது. மேசை துடைக்கும் பெண் என் தட்டை எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்தா இன்னா பண்ணுவ?"

"காலைத் தூக்கிடுவேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

"காலைத் தூக்கிடுவேன்மா. நிக்க மாட்டேன்."

ஆசிரியையிடம் சரி என்றேன். போனை வைத்ததும் பெரியபாளையத்து அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையில் ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண், "அக்கா, அது ஓகே ஆகி ரொம்ப நேரமாச்சு" என்று கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

சாயங்காலம் ரயிலுக்கு நிற்கும்போது போனில் படம் வந்தது. பாறைகளைத் தாண்டி ஆறு அகலமாகி அடங்கிய இடத்தில், படகோட்டி சொல்லி எல்லோரும் தாங்களாகவே குதித்திருக்கிறார்கள். பழுப்புத் தண்ணீர், ஒரு ஹெல்மெட், அதற்கு முன்னால் வானத்தைப் பார்த்து இரண்டு கால்கள். ஒன்றில் அவளுடைய ஷூ. இன்னொன்றில் யாரிடமோ வாங்கிப் போட்ட சிவப்பு ஷூ. ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

அவள் வந்துவிட்டாள். கணுக்காலில் தழும்பு மங்கிவருகிறது. ஆனாலும் வீட்டில் குழாய்த் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் இன்னமும் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். அவளாகவே மாமா படகில் ஏறினாள். நடு ஏரியில் இறங்கி, என்னையும் இறங்கச் சொன்னாள்.

"படுமா. நான் தலையைப் பிடிச்சிக்கறேன். காலைத் தூக்கு."

படுத்தேன். வானம் தெரிந்தது. காதுக்குள் தண்ணீர் போனதும் கால்கள் தாமாகக் கீழே போய்ச் சேற்றைத் தேடின.

"அம்மா, காலு!"

"உங்கம்மாவுக்கு இந்த ஜென்மத்துல வராது, உடு" என்று படகிலிருந்து தம்பி சிரித்தான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மகள் கையை நீட்டியபடியே இருந்தாள். மறுபடியும் படுத்தேன்.