தங்கச்சியின் பையோடு டுபாயிலிருந்து லுணுகலைக்கு

இந்த வருஷம் மாசி மாதம் பதினான்கு நாள் லீவு கிடைத்து ஊருக்குப் போய் வந்தேன். டுபாயில் ஒரு உயரமான ஆபீஸ் கட்டடத்தில் எட்டு வருஷமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டம் லுணுகலை டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. இலங்கையில் பதுளைப் பக்கம் போகிற பிள்ளைகள் அடிக்கடி வழி கேட்பதால் நேரம், செலவு எல்லாம் எழுதி வைக்கிறேன். ஆனால் நான் சந்தோஷமாகப் போன பயணம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கச்சி ராஜேஸ்வரியும் அதே கட்டடத்தில் ஆறு வருஷம் வேலை செய்தாள். போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஐந்தாம் நாள் இறந்துபோனாள். சவப்பெட்டி ஊருக்குப் போனது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய சாமான்கள் ஒரு பையில் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைவிடப் பாரமான காரியம் இன்னொன்று இருந்தது.

எங்கள் தோட்டங்களில் அம்மா வேலையை விட்டாலோ இறந்துபோனாலோ மகள் பேரைப் பதிவார்கள். வேலை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் கைவிட்டுப் போகாது. அந்த நினைப்பில்தான் ராஜி இறந்த பதினாறாம் நாள் அவள் புருஷன் சந்திரன் போனில் கேட்டார். “அக்கா, அவ எடத்துக்கு நம்ம தர்ஷினி பேரப் பதிவாங்களா?”

அழுதுகொண்டிருந்த மனுஷனிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “கேட்டுப் பாக்குறேன் மாப்பிள்ளை” என்றேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி ராஜியின் மகள், இருபது வயதுப் பிள்ளை, ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. இல்லை என்று நேரில் சொல்லத்தான் போனேன்.

டுபாய் விமான நிலையத்தில் பையை நிறுத்தபோது இரண்டு கிலோ முந்நூறு கிராம் காட்டியது. சீருடையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டதால் அவ்வளவுதான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் காலை ஐந்து மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு பஸ், ஒரு மணி நேரம், முந்நூறு ரூபாய். பதுளைக்கு ஏசி பஸ் ஏழு மணிக்குப் புறப்பட்டது. டிக்கெட் 1,950 ரூபாய். சாதாரண பஸ்ஸில் பாதிதான் வரும், ஆனால் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இரத்தினபுரியில் சாப்பிட இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். பெரகலை ஏற்றத்தில் பனி மூடியதும் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை. எட்டு வருஷம் வெயிலில் காய்ந்த உடம்பு. பண்டாரவளை, ஹாலிஎல தாண்டிப் பதுளை சேரும்போது மணி 2.40.

பதுளையில் மூன்று மணிக்கு லுணுகலை பஸ் இருந்தது. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வளைவுகள் அதிகம் என்பதால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இருநூறு ரூபாய். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ, தொள்ளாயிரம். ரோட்டைப் பார்த்தால் அது நியாயமான கூலிதான்.

ஆட்டோக்காரத் தம்பி என் பையில் ஒட்டியிருந்த விமான லேபிளைப் பார்த்துவிட்டார்.

“டுபாயா அக்கா? அங்க வீட்டுக்கு வீடு எண்ணெக் கெணறாமே?”

“எட்டு வருசத்துல நான் பாத்தது பொரிக்கிற எண்ணெ மட்டுந்தான் தம்பி.”

“அப்ப எதுலதான் ஓடுது அந்த ஊரு?”

நான் பார்த்ததைச் சொன்னேன். அந்த ஊரை ஓட்டுவது வருகிறவர்கள்தான். விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். கப்பல் சாமான் இறக்கும், இன்னொரு கப்பல் அதை ஏற்றிக்கொண்டு போகும். சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு ஹோட்டல், ஹோட்டலுக்குச் சமையல்காரன், அவன் தங்க ஒரு கட்டடம், அதைக் கட்ட மேசன், காவலுக்கு ஒருவன், கூட்ட நான். நான் கூட்டுகிற மாடியில் நாற்பது கதவு. கதவுக்குக் கதவு ஒரு கம்பெனி பேர். பாதி அறைகளில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும்தான் இருக்கும். எங்கேயோ வியாபாரம் செய்கிறவன் பேரை மட்டும் இங்கே வைத்து வாடகை கட்டுகிறான். அந்த மேசைத் தூசியைத் துடைக்க எனக்குச் சம்பளம்.

“ஆளே இல்லாத ஆபீஸக் கூட்ட ஆளா? அந்த வேலய எனக்கு வாங்கித் தாங்க அக்கா, பாயப் போட்டுப் படுத்துருவேன்.”

“கேமரா இருக்கு தம்பி.”

“அட போங்க. இந்த ஆட்டோவே தேவல.”

சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். லயத்து வாசலில் சந்திரன் நின்றார். பையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே தர்ஷினி தேத்தண்ணி கொடுத்தாள். ராஜியின் அதே முகவெட்டு. சாமிப் படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் தர்ஷினியின் பாஸ்போர்ட் இருந்தது. அம்மா வேலைக்குப் போட்ட மாதிரியே கறுப்புக் கால்சட்டை இரண்டு தைத்து மடித்து வைத்திருந்தாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அங்கே வேலைக்குப் பேர் பதியச் சொன்னபோதும், லுணுகலை பார்மசியில் இரண்டு முறை கூப்பிட்டபோதும், “அவளுக்கு அவ அம்மா வேல இருக்கு” என்று சந்திரன் சொல்லி அனுப்பிவிட்டாராம். அதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார்.

“பெரியம்மா, எப்ப வரச் சொல்லியிருக்காங்க?”

“யாரும் வரச் சொல்லல தங்கம். அந்த எடம் இல்ல.”

சந்திரனுக்குப் புரியவில்லை. “ஆறு வருசம் ஒழச்சவ அக்கா. பேரு இருந்த எடம் எப்பிடி சும்மா போவும்?”

அங்கே பேர் விசாவில் மட்டும்தான் இருக்கிறது, ஆள் போனால் அதை ரத்து செய்துவிடுவார்கள், அடுத்த ஆளுக்குப் புதிது போடுவார்கள் என்றேன். யாரும் அங்கே பழசாக முடியாது. வேலை முடிந்தால் ஊரைவிட்டுப் போக வேண்டும். புது ஆள் வந்துகொண்டே இருப்பதால்தான் அந்த ஊர் அந்த வேகத்தில் வளர்கிறது. ராஜியின் வேலை மூன்று நாள்தான் காலியாக இருந்தது. மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தபோது அது முடிந்து இரண்டு வாரம்.

“இங்க பேரு இருந்துச்சுல்ல. அப்புறம் அம்மா ஏன் போனா?” என்று தர்ஷினி அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பேருக்குக் கிடைத்த சம்பளம் போதாமல்தான் போனாள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஒரு வருசம் பெரியம்மா! இல்லன்னு ஒரு போன் போட ஒரு நிமிசம் ஆகாதா?”

“இல்லன்னு சொல்லிட்டா அவளும் இல்லன்னு ஆயிருமேன்னு இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் அப்பிடி இல்லயா?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவளே அடுத்ததைக் கேட்டாள். “அம்மா கட்டில்ல இப்ப யாரு படுக்குறா?”

“நேபாளத்துப் புள்ள ஒன்னு. ஒன் வயசுதான் இருக்கும்.”

“பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. ஒரே அறையில் ஒரு வருஷம். ராஜியின் கட்டிலில் படுத்தாள் என்ற ஒரே காரணத்துக்காக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் நின்றால் “ஏய்” என்று நகர்த்துவேன்.

“அது என்ன பாவம் செஞ்சிச்சு பெரியம்மா?” என்று கேட்டுவிட்டு அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். பைக்குள் இரண்டு சேலை, ஒரு தைல போத்தல், தர்ஷினியின் சின்ன வயதுப் போட்டோ.

மறுநாள் காலையில் சந்திரன் என்னை ராஜியைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போனார். தேயிலை மலை முடியும் சரிவில் இருக்கிறது. மண் அமுங்கிப் புல் முளைத்துவிட்டது. முன்னால் ஒரு செம்பருத்தி நட்டிருந்தார். மற்றதை எழுத எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது தர்ஷினி கறுப்புக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். “டவுனுக்கு வாங்க பெரியம்மா” என்றாள், அவ்வளவுதான். பார்மசி முதலாளி, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், அவளைப் பார்த்ததும் கையை விரித்தார். “அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டேனே மகள். அந்தி நேரத்துக்கு மட்டும் ஒராள் தேவ. ஏலுமா?”

“ஏலும்.”

பாதிச் சம்பளம். அன்றைக்கே நின்றுவிட்டாள். நான் கடை வாசலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தனியாக மேலே ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பதுளையில் நாலு மணிக்குப் பிறகு லுணுகலை பஸ்ஸை நம்பி நிற்காதீர்கள். மழை பெய்தால் தோட்டத்து ரோட்டில் ஆட்டோ ஏறாது, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டி வரும், அதற்கேற்ற செருப்பு போடுங்கள். இறந்தவர்களின் சாமான் கொண்டுபோகிறவர்கள் மரணப் பத்திரத்தின் நகலைக் கைப்பையில் வையுங்கள், விமான நிலையத்தில் என்னிடம் கேட்டார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் வேலை கேட்டால், இல்லை என்றால் இல்லை என்று அன்றைக்கே சொல்லுங்கள். பாவம் பார்க்கிறேன் என்று நான் செய்தது ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது. டுபாய்க்கு வரவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே திரும்பி வந்துவிட்டேன். வருகிறவர்கள் உங்கள் பேரில் வாருங்கள், இன்னொருவர் இடத்துக்கு என்று வராதீர்கள்.

டுபாய்க்குத் திரும்பி வந்த அன்று அறையில் அந்த நேபாளத்துப் பிள்ளை சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பேர் கேட்டேன். பயந்து எழுந்து நின்றாள். சரிதா என்றாள். உட்காரச் சொன்னேன். முதல் நாள் படுத்தபோது தலையணையில் நீள முடி ஒன்று இருந்ததாம். யாருடையது என்று என்னிடம் கேட்க ஒரு வருஷமாகத் தைரியம் வரவில்லையாம்.

ராஜேஸ்வரி, என் தங்கச்சி என்றேன்.