தங்கச்சியின் பங்கு

நான் தோணி வாங்கக் காசு தந்தவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. அதை அவர் ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததால் நானும் கொடுக்கவில்லை. அவர் மௌத்தாகி அடக்கம் செய்த அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மூத்த மகன் முன்னால் வந்து, எந்த ஜனாஸாவிலும் கேட்பதைப்போலக் கேட்டான்: "வாப்பாவோட ஆருக்கும் கொடுக்கல் வாங்கல் இரிந்தா எங்களிட்டச் சொல்லுங்க."

நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. தொழுகை முடிந்ததும் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்ததும் மையவாடிக்கு அடக்கத்துக்குக்கூடப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்துத்தான் அவனிடம் போய்க் கடனைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"தெரியும் காக்கா. அண்டைக்கு ஒங்களப் பாத்துத்தான் கேட்ட. நீங்க நிலத்தப் பாத்துட்டு நிண்டீங்க."

அவனே தொடர்ந்தான்.

"அந்தக் காசில உம்மாவும் நாங்களும் எங்கட பங்க உட்டுத்தாறம். தங்கச்சிட பங்கத்தான் உடேலா. அவ சின்னப் புள்ள, அத உட எங்களுக்கு உரிமயில்ல."

அவன் சொல்லி முடிக்குமுன் "சரி" என்றேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று மறுக்கவில்லை. அந்த அவசரத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சிறு பங்கையும் கொடுக்க முடியவில்லை. அந்த வருடம் வாவியில் இறால் குறைவு. மிதக்கும் ஆற்றுவாழைச் செடி அடைந்து வலையும் கிழிந்தது. ஒருநாள் காசுக்குப் பதிலாக ஒரு பை இறால் கொண்டுபோனேன். சாச்சி கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்.

"இறால எல்லாரும் திண்டுருவம் மனே. அது புள்ளட பங்கில கழியாது. காசாத் தாங்க."

அது சந்தையில் விலைபோகாத பொடி இறால். சாச்சிக்கு அதுவும் விளங்கியிருக்கும்.

இப்போது கிடைப்பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்த் தங்கச்சியின் கையிலேயே கொடுக்கிறேன். போன முறை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் இரிக்கா காக்கா?"

"இரிக்கி தங்கச்சி."

"நான் பெரியாளானா நானும் ஒங்களுக்கு உட்டுத்தரலாமாம். உம்மா சொன்ன."

நல்ல மனதோடுதான் சொன்னாள். என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பெரியவளாகுமுன் கொடுத்து முடிக்க வேண்டும். இந்த வாரம் தோணி கரையில்தான் கிடக்கிறது, கொண்டுபோக ஒன்றுமில்லை.