பெட்டிக்கு வைத்த பொட்டு

விராலிமலைக்குத் தெற்கே ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளுகிறேன். என் வீட்டுக்காரர் அதே மில்லில் பஞ்சு குடோனுக்கு வாட்ச்மேனாக இருந்தார். குடோனில் புகை மூட்டத்தில் சிக்கிச் செத்துப்போனார். தீ மணி அடித்தும் எந்திரிக்காமல் குடித்துவிட்டுக் கிடந்தான் என்று ஒரு பேச்சு ஓடியது. அது எப்படி நின்றது என்பதை எழுதுகிறேன்.

குடோன் நீளமான தகரக் கொட்டகை. பேல் பேலாக, இறுக்கிக் கட்டிய பெரிய பெரிய கட்டாக, பஞ்சு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு ஆள் போகிற வழி. அந்தக் கடைசியில் ஒரு சின்ன ரூம். ரூம் சுவரில் மேலே தீ மணிப் பெட்டி, கீழே அதற்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி. கீழ்ப் பெட்டிக்குள் ரெண்டு பேட்டரி. மெயின் கரண்டு போனாலும் மணி அடிக்க வேண்டும் என்று வைத்தது. மாசம் ஒரு தடவை சோதனைக்கு அடிப்பார்கள். கரண்டு இருக்கிறபோதுதான் அடிப்பார்கள். மில்லுக்குப் பின்னால் வேலையாட்களுக்கு லைன் வீடு. எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கோழிகள் தெறித்து ஓடும்.

ஆயுத பூசைக்கு மில்லில் எல்லாவற்றையும் நிறுத்துவோம். துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை போட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். அன்றைக்கு மிஷினைத் தொடக் கூடாது. அதற்கும் ஓய்வு. கத்தரிக்கோலைக்கூட எடுக்க மாட்டோம்.

அந்த வருசம் ரூமைக் கூட்டிவிட நானும் போனேன். அவர் தள்ளுவண்டிக்குப் பொட்டு வைத்தார். டார்ச் லைட்டுக்கு வைத்தார். விசிலுக்கு வைத்தார். பிறகு சுவர்ப் பெட்டிக்கு வந்தார். சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி ரெண்டு பெட்டிக்கும் நன்றாக இழுத்துவிட்டார். நடுவில் குங்குமம். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

"அதையும் ஆப் பண்ணணுமா?" என்றேன்.

"எல்லா மிஷினுக்கும் இன்னைக்கு லீவு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருசம் பூரா கண்ணு முழிச்சுக் கெடக்கு. ரெண்டு நாளு படுக்கட்டும்."

"நீங்க படுக்கக் காணோம். பெட்டியப் படுக்க வைக்கிறீங்க."

"எனக்குப் பொட்டு வைக்க ஆளு இல்லல்ல."

கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அவர் நெற்றியில் இழுத்துவிட்டேன். பெட்டி கீ கீ என்று கத்தியது. ஒரு பட்டனை அமுக்கினார். அடங்கியது. கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

பூசை, மறுநாள் விஜயதசமி, அதை ஒட்டி ஞாயிறு. மில் திறந்த அன்று அவர்தான் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் கீ கீ என்றது. சூப்பர்வைசர் வந்து பட்டனை அமுக்கினார். "பூச முடிஞ்சா எல்லா மிஷினும் ஒரு நாளு மொரண்டு புடிக்கும்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தனம் காய்ந்து பெட்டி மேல் அப்பியிருந்தது. பூசைப் பொட்டை நாங்கள் துடைக்க மாட்டோம். தானாக உதிர வேண்டும்.

தை பிறந்து ஒரு நாள் கரண்டுக்காரர்கள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தினார்கள். அந்த மாதிரி நாளில் மில்லுக்கு லீவு விட்டுவிடுவார்கள். ஜெனரேட்டர் ஆபீசுக்கு மட்டும். இவர் ராத்திரி டூட்டி முடித்து வர வேண்டியவர். பகல் ஆள் வரவில்லை. நீயே இரு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கொஞ்சம் படுத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டார். "கொழம்புல உப்பு தூக்கலா இருக்கு" என்றார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேலாகக் கட்டிய பஞ்சு சட்டென்று எரியாது. பேலுக்குள் எங்கோ ஒரு பொறி கிடந்தால் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். வெளியே தெரியாது. தெரியும்போது புகை நிறைந்துவிடும். நான் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மில் வாசலில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். கூரைத் தகரத்து இடுக்கில் எல்லாம் புகை. கையில் இருந்த சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போனேன். ஏன் பிழிந்து போட்டேன் என்று தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து உள்ளே போனார்கள். ரூமில் அவர் இல்லை. பேலுக்கு நடுவில் பாதி வழியில் குப்புறக் கிடந்தார். மூஞ்சியில் நனைத்த துண்டு சுற்றியிருந்தது. ஒரு காலில் செருப்பு.

அடக்கம் முடிந்து காரியம்கூட ஆகவில்லை. அதற்குள் பேச்சு வந்துவிட்டது. வாசல் வாட்ச்மேன் போலீசிடம் மணி அடித்தது என்று சொல்லியிருக்கிறார். மேனேஜரும் அதையே சொன்னார். மணி அடிச்சிருக்கு, ஆளு போதையில கெடந்திருக்கான், புகை ஏறுன பிறகு முழிச்சிருக்கான் என்று. டீக்கடையில், ரேஷன் கடையில் எல்லாம் அதே. என் வீட்டுக்காரர் குடிப்பார். இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிற அன்றைக்குக் குடிக்க மாட்டார். அன்றைக்குச் சோறு வைத்தவள் நான். நான் தொட்டியடியில் இருந்தேன். மணி கேட்கவில்லை. கோழியும் ஓடவில்லை.

இதை நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம் மட்டும் சொன்னேன். "ஒனக்குக் கேட்டிருக்காது ஆத்தா" என்றார்கள்.

அவருடைய தம்பி ஒருத்தர் இருக்கிறார். ஆவுடையார்கோவில் பக்கம் கொத்தனார் வேலை. அவருக்குத்தான் அது தாங்கவில்லை. மில்லுக்குத் திருச்சியிலிருந்து மணிப் பெட்டி சர்வீஸ்காரர் வருகிறார் என்று தெரிந்து வந்துவிட்டார்.

"வாங்க மதினி. போயி கேப்போம்."

"கேட்டு?"

"செத்தவனக் குடிகாரன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் அந்த வாட்ச்மேன் இருந்தார். பெரிய ஆள், எங்களுக்கு அண்ணன் முறை வைத்துப் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கொழுந்தனார் விடவில்லை.

"மணி அடிச்சுச்சாமுல்ல? மில்லுல அடிச்சுச்சா, மலைக்கோயில்ல அடிச்சுச்சா?"

"அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு தம்பி."

"மாதிரியா? போலீசுகிட்ட மாதிரின்னா சொன்னீரு?"

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல. அடிச்சுச்சுன்னு சொல்லச் சொன்னா அடிச்சுச்சு."

"தம்பி, வாங்க" என்றேன். உள்ளே போனோம்.

குடோனில் அந்த ரூம் மட்டும் கரி பிடித்து நின்றது. தீ அது வரைக்கும் வரவில்லை. மேனேஜர், சூப்பர்வைசர், சர்வீஸ்காரர் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். சர்வீஸ்காரருக்கு நடு வயசு இருக்கும். முதுகில் பை. மேனேஜர் எங்களைப் பார்த்து, "எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"பணம் கேக்க வரல சார்" என்றார் கொழுந்தனார். "மணி அடிச்சுச்சா அடிக்கலையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறோம்."

போகச் சொல்லவில்லை. நின்றோம்.

சர்வீஸ்காரர் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு. மணியை அடித்துப் பார்த்தார். அடித்தது. "பாத்துக்கங்க" என்றார் மேனேஜர். சர்வீஸ்காரர் சுவிட்சை ஆப் செய்தார். மணிப் பட்டனை மறுபடியும் அமுக்கினார். க்ளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்ப அமுக்கினார். அதுவும் இல்லை.

கீழ்ப் பெட்டியைத் திறந்தார். ரெண்டு பேட்டரியும் வயிறு உப்பிக் கிடந்தன. மூடிவிட்டு, சுவிட்சைத் திரும்பப் போட்டார். பெட்டி முகத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பேட்டரி செத்துருச்சுன்னு இது சொல்லிக்கிட்டேதான் சார் இருந்திருக்கு. அன்னைக்குக் கரண்டு இல்லைல்ல. மணி அடிச்சிருக்காது."

கொழுந்தனார் மூச்சு விட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போகலாம் என்று. வந்த காரியம் முடிந்துவிட்டது. எனக்கும் கால் வலித்தது.

மேனேஜர் குரல் ஏறியது. "மட்டமான பேட்டரியப் போட்டுட்டு இப்ப வந்து கதை சொல்றியா? ஒரு உயிரு போயிருக்கு. ஒங்க ஆபீசுக்கு நான் பேசுறேன். போலீசுக்கும் ஒன் பேரத்தான் சொல்லுவேன்."

"சார், பூசைக்கு முந்தி நான்தான் வந்து பாத்தேன். மெயின ஆப் பண்ணி அடிச்சுக் காட்டினேன். சூப்பர்வைசர் சார் இருந்தாரு. நல்ல பேட்டரி சார். மெயின் இல்லாம நாள் கணக்கா விட்டாத்தான் இப்படி ஆகும். அடிவரைக்கும் எறங்கிட்டா அப்புறம் ஏறாது. யாரோ ஆப் பண்ணி விட்டிருக்காங்க."

"யாரு ஆப் பண்ணா? அத யாரும் ஆப் பண்ண மாட்டாங்க."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். யாரு ஆப் பண்ணா என்று மேனேஜர் திரும்பவும் கேட்டார்.

எனக்குத் தெரியும். கேட்கிறார். அதனால் சொன்னேன்.

"என் வீட்டுக்காருதான் சார். ஆயுத பூசைக்கு ஆப் பண்ணாரு. பொட்டு வச்சுட்டு."

"மதினி, சும்மா இருங்க."

"மில்லு தொறக்குற அன்னைக்குத்தான் போட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

மேனேஜர் நாற்காலியைத் தேடினார். அங்கே நாற்காலி இல்லை. "அப்ப அவனே தேடிக்கிட்டான்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

சர்வீஸ்காரர் என்னைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கினார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசல் வாட்ச்மேன் அப்புறம் போலீசிடம் மாற்றிச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கொழுந்தனார் வண்டியை எடுத்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. "ஜெயிச்சு வந்த அண்ணனத் திரும்பக் கொண்டுபோயி தள்ளிட்டீங்க" என்றார். ஹைவேயில் ஏறிப் போய்விட்டார். நான் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

ஊரில் பேச்சு மாறியது. குடித்துவிட்டுத் தூங்கினான் என்பது போய், பெட்டிக்குப் பொட்டு வைத்து ஆப் பண்ணினவன் என்று ஆனது. டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். நான் வேலைக்குப் போனேன். பஞ்சு அள்ளினேன். புதுப் பேட்டரி போட்டிருக்கிறார்கள். கரண்டு இல்லாதபோதும் அடித்துப் பார்க்கிறார்கள். மணிச் சத்தம் கேட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கையில் இருப்பதைச் செய்துகொண்டிருப்பேன்.

கொழுந்தனார் அதற்குப் பிறகு வரவில்லை. போனும் இல்லை. வருசத் திதிக்கு வந்தார். வராமல் இருக்க முடியாது. இலை போட்டேன். உட்கார்ந்தார். இலைக்குத் தண்ணீர் தெளித்தார்.

"ஏன் மதினி சொன்னீங்க?"

"கேட்டாங்கல்ல."

"கேட்டா? ஒங்கள யாரும் கேக்கலையே. அந்தத் திருச்சிக்காரனத்தான கேட்டாங்க."

"அவரு பண்ணலையே."

"அண்ணன் பேரு என்ன ஆச்சு பாத்தீங்களா? எங்க ஊரு வரைக்கும் வந்துருச்சு."

"தூங்குனாருன்னு இப்ப யாரும் சொல்றது இல்ல தம்பி."

"அதுக்குப் பதிலா இதச் சொல்றானுங்க."

"சொல்லட்டும். இது அவரு பண்ணதுதான்."

சோறு வைத்தேன். சாம்பார் ஊற்றினேன். பிசைந்தார். சாப்பிட ஆரம்பித்தார்.