கூடைக்குள் போன கல்யாணம்

சிதம்பரம் வடக்கு வீதியில் "போட்டோ லேகா கடை எது?" என்று கேட்டால் யாராயிருந்தாலும் கை காட்டுவார்கள். சந்திரலேகா என்று முழுப்பேரைச் சொன்னால்தான் முழிப்பார்கள். வயது நாற்பத்தாறு. தோளில் ஒரு கேமரா, கையில் ஒரு கேமரா, வாயில் ஓயாத அதட்டல். "மாப்ள, கொஞ்சம் சிரிங்க, பரீச்சைக்குப் போற மாதிரி நிக்கறீங்க!" என்று அவள் போடும் சத்தத்தில் ஐயரே ஒரு நிமிஷம் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறார்.

பிறந்த வீடு மங்கலம்பேட்டைப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்தவள், ஸ்டூடியோ வைத்திருந்த கணவன் ஸ்ரீதரிடம் ஆறே மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஏழாம் மாதம் அவனையே வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து ஸ்ரீதர் வீடியோ, இவள் போட்டோ. ஸ்ரீதர் அதிகம் பேசமாட்டான். பேச இடம் கிடைத்ததில்லை என்று அவன் நண்பர்கள் சொல்வார்கள்.

இந்தத் தொழிலில் படம் எடுப்பது பெரிய விஷயமில்லை, எடுத்த படத்தை வீடு சேர்ப்பதுதான் பெரும்பாடு என்பாள் லேகா. முதலில் சிடியில் கொடுத்தாள். சிடி போய் டிவிடி வந்தது. அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி எந்த வீட்டிலும் இல்லாமல் போனதும் பென்டிரைவ் கொடுத்தாள். மறுமாதமே கல்யாணத்தை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக் காரில் சொருகிக்கொண்டார்கள் மகராசர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் வற்றிப்போய் மூக்கும் முழியும் ஒன்றாகிவிடும். அப்புறம் ஆன்லைனில் ஏற்றி லிங்க் அனுப்பும் காலம் வந்தது. ஒரு கம்பெனி எல்லாம் ஃப்ரீ என்று கூவிவிட்டு மூன்றாம் வருஷம் கடையைச் சாத்தியது. இன்னொன்றில் லிங்க் ஏழே நாளில் செத்துப்போகும். எட்டாம் நாள் விடிந்ததும், "ஏங்க, எங்க கல்யாணத்தக் காணோம்" என்று போன் வரும். கடைசியாக ஒரு ஆப் அமைந்தது. நாலு வருஷம் ஒரு குறையுமில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதுபோல எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

அந்த ஆப்புக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. சித்திரை மாதம் ஒருநாள் அப்டேட் என்று வந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. கீழே டவுன்லோடு அம்புக்குறி இருந்த இடத்தில் வேறொரு பொம்மை உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உள்ளே நடந்திருந்தது. முன்பெல்லாம் லிங்க் கிடைத்தவர்கள் படத்தைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இப்போது அவர்களே படத்தை நீக்கவும் செய்யலாம். வேண்டாமென்றால் நாம்தான் செட்டிங்ஸில் ஒரு மூலையில் போய் அடைத்துவைக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் மூலை முடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரமிருக்கிறது, சொல்லுங்கள்.

வைகாசியில் கடலூர் சோனாங்குப்பத்தில் ஒரு கல்யாணம். கடலோர ஊர்களில் லேகாவுக்கு அதுதான் முதல் ஆர்டர். அங்கே ஒரு வீட்டில் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஒன்பது வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். நல்லாயில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் துறைமுகம் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்க முடியாது. அதனால் இரண்டு நாளும் சாப்பாட்டைக்கூட மறந்து ஓடி ஓடி எடுத்தாள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது படம்.

பெண்ணின் பெயர் தமிழினி. அவளுடைய அம்மா அமராவதி, கணவரை இழந்தபின் கருவாடு விற்றே மகளைப் படிக்கவைத்தவள். அமராவதிக்கு ஒரே அண்ணன், தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கிற பாண்டியன். தமிழினியைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைக்கலாமா கூடாதா என்ற பேச்சில் வார்த்தை தடித்து, அண்ணனுக்கும் தங்கைக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறையில் எப்படி உட்காரவைப்பது? பாண்டியன் வந்தார். மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டார். தங்கையை ஏறெடுத்தும் பாராமல் மேடைக்கு அந்தப் பக்கமாக இறங்கிப் போயேவிட்டார். லேகா படபடவென்று மூன்று முறை அமுக்கினாள். ஒன்றில் தவில்காரரின் முழங்கை, ஒன்றில் யாரோ ஒருவரின் குடுமி. நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று விழுந்தது.

மறுநாளே எல்லாப் படத்தையும் ஏற்றி லிங்க்கை அமராவதிக்கு அனுப்பி, "புடிச்ச படத்தையெல்லாம் செலக்ட் பண்ணி வைங்கக்கா, ஆல்பத்துல போட்டுடறேன்" என்று போனிலும் சொன்னாள். வழக்கமாக ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி வைப்பவள்தான். அந்த வாரம் பார்த்து டிஸ்க் மண்டையைப் போட்டது. அதான் ஆப்பில் இருக்கிறதே என்று கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடினாள். அடுத்து அடுத்து என்று ஒரு மாதம் போனதே தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்து அந்த ஃபோல்டரைத் திறந்தவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. இருநூற்றுப் பத்து படம்தான் இருந்தது. அத்தனையும் கழிசடை. கண்ணை மூடிய மாப்பிள்ளை, கொட்டாவி விடும் நாதஸ்வரக்காரர், பாதி தின்ற இலை, யாருடைய முதுகோ, தவில்காரரின் முழங்கை. நல்ல படம் என்று ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாண்டியன்.

"ஏம்மா போட்டோக்காரம்மா! நான் மால போட்ட படம் எங்க? இருவது நாளா தெனமும் தொறந்து தொறந்து பாக்கறேன். என்னைத் தூக்கிடச் சொல்லி யார் சொன்னது? எந் தங்கச்சி சொல்லிச்சா? நெசத்தச் சொல்லிடு. அத்தோட அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்கவே மாட்டேன்!"

"ஐயோ, அவுங்க ஒண்ணுமே சொல்லலண்ணே! நானே அங்க வர்றேன். வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசிடாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். கல்யாணத்தைத் தொலைத்த போட்டோக்காரி என்ற பேர் வரப்போகிறது, அது ஒருபக்கம். நான் தொலைத்த படத்தால் ஒரு அண்ணனும் தங்கையும் ஜென்மத்துக்கும் பிரிவதா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"நானும் வரட்டுமா?" என்றான் ஸ்ரீதர்.

"வந்து? ரெண்டு பேருமா அடி வாங்கறதுக்கா? நீ கடையப் பாரு."

லேப்டாப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ் நின்று நின்று போக, இவள் அறிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

தேவனாம்பட்டினத்தில் வாசலிலேயே எதிர்கொண்டது பாண்டியனின் மனைவி தமிழ்ச்செல்வி. துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். அவள் குரலுக்கு முன்னால் லேகாவின் குரலெல்லாம் கொசு ரீங்காரம்.

"வாம்மா, உள்ள வா. மொதல்ல மோரு குடி. இவுரு இப்டித்தான் கத்துவாரு, நீ ஒண்ணும் பயப்படாத."

பாண்டியன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போனை நீட்டினார். "பாரு. நீயே பாரு. எங்க இருக்குது என் படம்?"

"அண்ணே, உங்க படம் மட்டுமில்ல. நல்ல படமே ஒண்ணுகூட இல்ல. எப்டின்னே எனக்குப் புரியல."

"நல்ல படம் எப்டி இருக்கும்?" என்றாள் தமிழ்ச்செல்வி சர்வசாதாரணமாக. "அதத்தான் நாங்க எல்லாரும் பொறுக்கிட்டமே."

"பொறுக்கிட்டீங்களா? பொறுக்கி?"

"பொறுக்கிக் கூடையில போட்டுட்டோம். நீதான சொன்னியாம் எங்க நாத்தனார்கிட்ட, புடிச்சத எடுத்து வையுங்கன்னு? அது லிங்க்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டுச்சி. சனங்களுக்கு எப்டின்னு தெரியல. அன்னிக்கே நாந்தான் வாய்ஸ் மெசேஜ் போட்டு வெளக்கினேன். புடிச்ச படத்தத் தொட்டு, கீழ இருக்குது பாரு கூடை, அதுல போடு, அவ்ளோதான்னு. தாழங்குடாவுலேர்ந்து சிங்காரத்தோப்பு வரைக்கும் அத்தன சனமும் போட்டுச்சி!"

லேகா பாண்டியனின் போனை வாங்கிப் பார்த்தாள். கீழே, பழைய அம்புக்குறி இருந்த இடத்தில், மூடி போட்ட சின்னக் குப்பைத்தொட்டி ஒன்று பாந்தமாக உட்கார்ந்திருந்தது. சிதம்பரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது குப்பைத்தொட்டி. தினமும் விடிகாலையில் துறைமுகத்தில் நல்ல மீனாகப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போடுகிறவளுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? ஏலத்தில் கூடைக்குள் போய்விட்டால் அது எடுத்தவருடைய மீன், வேறு கை படாது. கழிசல்தான் தரையில் கிடக்கும்.

"யக்கா, இது கூடையில்லக்கா. குப்பத்தொட்டி!"

தமிழ்ச்செல்வி போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அப்புறம், "குப்பத்தொட்டிக்கு எவன்டா மூடி போட்டுப் புடி வச்சி இவ்ளோ அழகா வரஞ்சான்?" என்று அந்த ஆப்காரன் பரம்பரையையே இழுத்து நாலு வார்த்தை விட்டாள். அதை இங்கே எழுத முடியாது.

லேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. தொட்டியில் விழுந்ததை அந்த ஆப் முப்பது நாள்தான் வைத்திருக்கும். அப்புறம் தானே அழித்துவிடும். லிங்க் அனுப்பி இன்றோடு இருபத்தொன்பது நாள். லேப்டாப்பைத் திறந்தாள். கடற்கரைக்காற்று பலமாக இருந்ததோ என்னவோ, நெட் சுற்றிச் சுற்றி வந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

திறந்தது. ஆயிரத்து நானூற்று முப்பது படமும் தொட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது. எந்தப் படத்தை யார் எப்போது போட்டார்கள் என்று பேர் வாரியாகப் பட்டியல்வேறு.

"அப்பாடா!" என்று லேகா கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"மொதல்ல இவுரு என்னாத்தப் போட்டிருக்காருன்னு பாப்போம்" என்று தமிழ்ச்செல்வி கணவனின் பேர்மேல் விரலை வைத்து அழுத்தினாள். முப்பத்தெட்டுப் படம். மணமேடை ஓரமாக அமராவதி. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அமராவதி. யாரோ சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிற அமராவதி. தாலி ஏறும்போது முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அமராவதி. முப்பத்தெட்டிலும் அமராவதி.

"அடப்பாவி மனுசா! நாலு வருசமா அது மூஞ்சியப் பாக்கமாட்டேன்னு சொன்ன ஆளா இது?"

"பொண்ணு படம்னு நெனச்சிப் போட்டேன்" என்று முணுமுணுத்தார் பாண்டியன்.

"பொண்ணு எங்க இருக்குது இதுல? எனக்கென்ன கண்ணு தெரியலயா?"

பாண்டியன் பேச்சை மாற்றினார். "அதெல்லாம் கெடக்கட்டும். எம் படம் எங்க? அதச் சொல்லு. அத எவன் தூக்கினது?"

லேகா பட்டியலை மேலே தள்ளினாள். முதல் நாள், முதல் ஆள். அமராவதி. ஒரே ஒரு படம்.

தொட்டாள். திரை முழுக்க விரிந்தது. ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்தி, தலைகுனிந்து நிற்கிற மருமகள் கழுத்தில் பாண்டியன் போடுகிறார். அவருக்குக் கண் கலங்கியிருக்கிறது. அது அவருக்கே இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"அவுங்க தூக்கலண்ணே" என்றாள் லேகா. "ஆல்பத்துக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. ஊர் சனமெல்லாம் அம்பது, நூறுன்னு பொறுக்கியிருக்குது. அவுங்க இது ஒண்ணுதான்."

பாண்டியன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். லேகா படங்களை எல்லாம் தொட்டியிலிருந்து மீட்கிற பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொன்றாக மேலே வர ஆரம்பித்தன. கையோடு அந்த மூலையைத் தேடிப்பிடித்து, இனி யாரும் எதையும் நீக்க முடியாதபடி அடைத்தும் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பாண்டியன் போனைக் காதில் வைத்திருந்தார். கை பட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருந்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணே?" என்றது அமராவதியின் குரல். நம்பமுடியாத குரல்.

பாண்டியனுக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. கடைசியில் சண்டை போடுகிற தோரணையிலேயே ஆரம்பித்தார்.

"ஏன்டி, கல்யாணத்துல எடுத்தது ஆயிரத்து அறுநூறு படம். நீ ஒண்ணே ஒண்ணுதான் பொறுக்கினியா?"

"நீ இருந்தது அந்த ஒண்ணுலதானண்ணே."